கடலில் விட்ட பொட்டலம்

கோப்பன்ஹேகன்
29.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சிந்துஜனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? உங்களைக் கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். ஆகவே இந்தக் கேள்விக்கு மட்டும் அண்ணி பதில் எழுதட்டும்.

எங்கள் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனிக் கடிதம் போடுவதென்றால் கடைக்குப் போகவேண்டும். கடைக்காரி உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்குள் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்டாள். கடிதம் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. டென்மார்க்கில் கடிதம் எழுதுகிற கடைசி இரண்டு பேர் நாங்களாகத்தான் இருக்கும். எல்லாம் உங்களால் வந்தது. தொலைபேசியில் கதைத்தால் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து சொல்கிறீர்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டுச் சிரிப்பேன்.

என் வேலையைப் பற்றி வழக்கம்போல எழுத ஒன்றுமில்லை. பாதுகாப்பு சம்பந்தமான அலுவலகம், மொழிபெயர்ப்பு, பரவாயில்லாத கோப்பி. அதற்கு மேல் நீங்கள் கேட்காமல் இருப்பதற்கு நன்றி.

யூலை 24, வியாழக்கிழமை எனக்கு லீவு. ஒடென்சேக்கு வரலாமா? அண்ணியின் கையால் சாப்பிட்டுக் கனநாளாகிவிட்டது.

அன்புடன்,
சாரங்கா

ஒடென்சே
08.07.2025

அன்புத் தங்கச்சி சாரங்காவுக்கு,

எல்லோரும் சுகம். குளிசை போடுகிறேன். அண்ணி பக்கத்தில் நின்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதச் சொல்கிறாள், நம்பாதே. பஸ் ஓட்டுகிறவனுக்கு நோய் வருத்தம் வர நேரமில்லை. மகன் சிந்துஜன் பள்ளிக்கூடச் சோதனை முடித்துவிட்டான். நான் தமிழில் கேட்டால் அவன் டேனிஷில் பதில் சொல்லுகிறான். இரண்டு பேரும் நன்றாகத்தான் கதைத்துக்கொள்கிறோம்.

நீ எந்த நாளும் வரலாம். 24ஆம் திகதி மட்டும் வேண்டாம். அன்றைக்கு எனக்கு ஒரு அலுவல் இருக்கிறது, வருடா வருடம் வருகிறதுதான். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை வா. மரக்கறி என்றாலும் அண்ணி வயிறு நிறையப் போடுவாள்.

கவனமாக இரு. சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் போடு.

இப்படிக்கு,
அண்ணை கிருபாகரன்

கோப்பன்ஹேகன்
03.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் எல்லோரின் சுகத்தையும் அறிய ஆவல். எனக்குக் காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. நித்திரைதான் சரியில்லை.

வெள்ளிக்கிழமை வராததற்குக் குறை நினைக்காதீர்கள். 24ஆம் திகதி பின்னேரமே லீவில் இருந்த என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னால் மட்டும் செய்யக்கூடிய வேலை என்றார்கள். அப்படிக் கேட்க ஆளுக்குப் பெருமையாக இருக்கும், அல்லவா? எனக்கும் இருந்தது.

ஒரு அறிக்கை எழுதினேன். முதலில் "இருக்கலாம்" என்று எழுதினேன். எந்தப் பக்கம் சாய்கிறாய் என்று கேட்டார்கள். வற்புறுத்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் "பெரும்பாலும் அப்படித்தான்" என்று மாற்றினேன். அந்த ஒரு சொல் இரண்டு நாளில் எங்கெல்லாமோ போய்விட்டது. எல்லோரும் பாராட்டினார்கள். அன்றில் இருந்துதான் நித்திரை போனது. இதை வாசித்துவிட்டு ஒன்றும் கேட்காதீர்கள். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

அண்ணியிடம் சொல்லுங்கள், சாப்பாட்டை மறக்கவில்லை.

சாரங்கா

ஒடென்சே
17.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா? நித்திரை வராவிட்டால் பாலில் கொஞ்சம் மஞ்சள் போட்டுக் குடி. நீ கேட்கவேண்டாம் என்றதால் நான் கேட்கவில்லை.

இங்கே கோயிலில் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கதைக்கிறார்கள். பேப்பரில் பார்த்திருப்பாய். எங்கள் பெரிய கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலை மறித்து வைத்திருக்கிறார்கள். கடலுக்கு அடியில் போகிற மின்கேபிள் ஒன்று 24ஆம் திகதி பழுதாகிவிட்டதாம். அன்று மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு அந்த இடத்தில் கப்பல் ஐந்து நிமிடம் மெதுவாகப் போனதாம். ஒருவன் பின்பக்கம் வந்து ஏதோ பொட்டலத்தைத் தண்ணீருக்குள் விட்டதைக் கரையில் இருந்த கமெரா பிடித்துவிட்டது. அவன் எங்கள் தமிழ்ப் பெடியன். ஜதுர்சன் என்று பெயர், ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி, வயது இருபத்தெட்டு. எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலை. நாசவேலை என்று பிடித்து மறியலில் அடைத்திருக்கிறார்கள். எங்கள் கோயில் சபைக்கு ஆளைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை நான் போகிறேன்.

கோபம் வருவது எதற்கென்றால், அவன் தாயோடு தொலைபேசியில் கதைத்ததையும் பிடித்து, அதை வைத்துத்தான் குற்றம் சொல்கிறார்கள். தமிழில் கதைத்தது. அப்படியென்றால் யாரோ எங்களுடைய ஆள்தான் இருந்து கேட்டு எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நான் சொன்னது பகிடி இல்லை, பார்த்தாயா?

உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது உந்தக் கேட்டு எழுதுகிற வேலையில் இருக்கிறார்களா?

அண்ணை

கோப்பன்ஹேகன்
31.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருங்கள்.

பேப்பரில் வருவதைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம். அந்த ஆளைப் பார்க்கவும் நீங்கள் போயிருக்கத் தேவையில்லை. அவர் அப்பாவி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர் என்பதால் மட்டுமா? "பன்னிரண்டு மணிக்கு முதல் முடித்துவிட்டேன், இனி நிம்மதி" என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் இருக்கமுடியும்? உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் கோபம் ஒரு ஆதாரம் இல்லை.

சிந்துஜனுக்கு என் வாழ்த்து.

சாரங்கா

ஒடென்சே
14.09.2025

சாரங்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதப் பொறுமையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"பன்னிரண்டு மணிக்கு முதல் முடித்துவிட்டேன்" என்று அவன் சொன்னது பேப்பரில் வரவில்லை. நான் திருப்பித் திருப்பித் தேடிப் பார்த்துவிட்டேன். உனக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ பொய் சொல்லவேண்டி வரும்.

ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாய். சொல்கிறேன். யூலை 24 ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகள் விரதம் இருந்து, கடலுக்குப் போய், எள்ளும் தண்ணீரும் இறைத்து, சோற்றை உருட்டிப் பிண்டமாக வைத்துத் தண்ணீரில் விடுகிற நாள். மத்தியானத்துக்கு முன்பு செய்து முடிக்கவேண்டும். அவனுடைய தகப்பன் செத்து இரண்டு வருடம். கப்பல் சமையலறையில் சோறு கேட்டு வாங்கி, வாழையிலைக்குப் பதிலாகக் கேக் சுடுகிற தாளில் சுற்றி விட்டிருக்கிறான். கப்டன் நல்ல மனுசன், ஐந்து நிமிடம் மெதுவாக்கிக் கொடுத்திருக்கிறான். தாய் தொலைபேசி எடுத்துக் கேட்டது, எல்லாம் ஒழுங்காக முடிந்ததா என்று. முடிந்தது என்றான். இறந்தவரின் பெயரைச் சொல்லித்தான் கதைக்கவேண்டுமா? தாய்க்கும் பிள்ளைக்கும் தெரியாதா அது எதைப் பற்றிய கதை என்று?

இதை அவன் பொலிசுக்கும் சொல்லியிருக்கிறான். வழக்கறிஞர் வந்த பிறகு யோசித்துச் சொன்ன கதை என்று தள்ளிவிட்டார்கள். முதலில் இருந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லையாம்.

நானும் அன்றைக்குக் கெர்டெமின்டே கடற்கரையில் நின்றுதான் அப்பாவுக்குச் செய்தேன். அதே நேரம், அதே கடல். என்னை ஒருவரும் கமெராவில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிருபாகரன்

கோப்பன்ஹேகன்
26.10.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? இதை ஓரிடத்தில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எவ்வளவு எழுதலாம் என்று அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டி இருந்தது. எழுதிய பிறகு அவர்கள் பார்க்கவேண்டும். பார்க்க அங்கே வேறு தமிழ் ஆள் இல்லாததால் நானே டேனிஷில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். ஒரு வரியையும் விடவில்லை.

அந்த உரையாடலைக் கேட்டது நான். அறிக்கை எழுதியதும் நான்தான், அண்ணை.

எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கேட்டதை ஒரு பக்கம் எழுதவேண்டும், நினைத்ததை மறுபக்கம் எழுதவேண்டும். இரண்டையும் கலக்கக்கூடாது. நான் கலந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. சொல் விளங்கியதால் விஷயமும் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்குத் தமிழ் தெரியும், ஆகவே தமிழரைத் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும்தான் நம்பினேன். எங்கள் வீட்டில் ஆடி அமாவாசை என்ற பேச்சே இருந்ததில்லை. அம்மா அதைப் பற்றி வாயெடுக்க விட்டதில்லை. பெண்பிள்ளைகளை அதற்குக் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை. அது தப்பிக்கச் சொல்கிற சாட்டு இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உங்கள் கடிதம் கிடைத்து நாலாம் நாள் திருத்த அறிக்கை எழுதினேன். "முதல் அறிக்கை பிழை, பிழை என்னுடையது" என்பதுதான் முதல் வரி. கேபிள் ஏன் பழுதானது என்று எனக்கு இன்னும் தெரியாது, அதையும் எழுதினேன். ஆனால் அந்தப் பொட்டலத்துக்கும் கேபிளுக்கும் தொடர்பு இல்லை.

மேலாளர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இது உனக்கு எப்படித் தெரிய வந்தது?" நான் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தேன். கேட்கவும் வழி இருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அப்பாவுக்குச் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
சாரங்கா

ஒடென்சே
02.11.2025

சாரங்கா,

நான் உனக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய் அவர்களுடைய மேசையில் வைத்திருக்கிறாய். உன் அண்ணி பவளராணி இரண்டு நாளாகக் கதவுமணி அடித்தால் திறக்கப் பயப்படுகிறாள்.

நீ அப்போது ஒரு வயதுப் பிள்ளை, உனக்குத் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு இராணுவக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து எல்லா ஆம்பிளைகளையும் வரிசையாக நிற்கவைத்தார்கள். எங்கள் ஆள் ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு இருந்தான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போகவேண்டும். தலையாட்டி என்று சொல்வோம். அப்பா போனபோது அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் விசாரணை. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அறிந்த நேரத்தில் இருந்து எனக்கு அந்தத் துணி போட்ட தலைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

நீ திருத்தி எழுதியது சரி. எனக்கு அவர்களோடு ஒரு கதையும் இல்லை. இனி எழுதாதே.

கிருபாகரன்

கோப்பன்ஹேகன்
12.11.2025

அன்புள்ள அண்ணைக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். இதையும் வாசித்துவிட்டுக் கிழித்துப்போடுங்கள். அண்ணியின் பயத்துக்கு நான் காரணம் என்பது எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது. கதவு தட்ட ஒருவரும் வரமாட்டார்கள், அதை மட்டும் உறுதியாகச் சொல்லமுடியும்.

நீங்கள் சொன்ன தலையாட்டி திரும்பி வந்து "நான் ஆட்டியது பிழை" என்று சொல்லவில்லை. நான் சொல்லப் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் ஏற்கவில்லை.

காரணம் இதுதான். வேலையில் சேரும்போது என் குடும்பத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அதில் அப்பாவைக் காணாமல்போனவர் என்று எழுதியிருக்கிறேன். வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதை அண்ணை கண்டவர், அதன் பிறகு தகவல் இல்லை என்று. நாங்கள் டென்மார்க்குக்கு வந்தபோது அம்மா கொடுத்த வாக்குமூலத்திலும் அதுதான் இருக்கிறது. இப்போது உங்கள் கடிதம், இறந்த தகப்பனுக்குச் செய்கிற சடங்கை நீங்கள் அப்பாவுக்குச் செய்ததாகச் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்கிறார்கள். கடிதம் அந்த மாலுமியைக் காப்பாற்ற எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். அவர்களுடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். என் அனுமதி அட்டையை வாங்கிவிட்டார்கள். நான் இப்போது ஒரு மேசையில் இருந்து பழைய கோப்புகளுக்கு இலக்கம் போடுகிறேன்.

ஜதுர்சன் நான்காவது மாதமாக மறியலில் இருக்கிறார். 27ஆம் திகதி மறுபடி நீதிமன்றம். அதற்கு முன் யாராவது வந்து நேரில் சொன்னால்தான் என் திருத்தம் நிற்கும். நீங்கள் மட்டும்தான் சொல்லமுடியும்.

அப்பா இறந்துவிட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? அவர் கண்ணால் கண்டவரா, கேட்டுச் சொன்னவரா? இதை அலுவலகத்துக்காக மட்டும் கேட்கவில்லை, அண்ணை. நான் இன்னும் அப்பாவைத் தேடுகிறேன். எந்த நாட்டில் எந்தப் பட்டியல் வெளிவந்தாலும் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்த வேலைக்கு வந்ததே, இங்கே இருந்தால் எங்காவது கண்ணில் படும் என்ற விசர் நம்பிக்கையில்தான்.

சாரங்கா

ஒடென்சே
07.12.2025

அன்புத் தங்கச்சி சாரங்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ நன்றாக இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன், இந்த முறை உண்மை.

சாட்சி சொல்லக் கோப்பன்ஹேகனுக்கு வந்துவிட்டு உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கோபிக்காதே. பார்க்கக்கூடாது என்று சொன்னார்கள். அனுமதித்திருந்தாலும் அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க என்னால் முடிந்திருக்காது. இரண்டு பேர் இருந்தார்கள், மரியாதையாக நடந்தார்கள், தேத்தண்ணீர் தந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார்கள். வேண்டாம், எனக்குத் தெரிந்த டேனிஷ் போதும் என்றேன். இதை ஒரு தமிழ் ஆளுக்கு முன்னால் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை.

ஜதுர்சனை 27ஆம் திகதி விட்டுவிட்டார்கள். அடுத்த நாள் நான்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி கட்டிக் கொடுத்த புட்டைக் காரிலேயே சாப்பிட்டு முடித்தான். யார் தன்னை மாட்டிவிட்டது, யார் வெளியே எடுத்துவிட்டது என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. தாயோடு தொலைபேசியில் கதைக்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துக் கதைத்தான்.

அந்த அறையில் நான் சொன்னதை அவர்கள் உனக்குச் சொல்லமாட்டார்கள். உனக்குச் சொல்லவேண்டியவன் நான்.

யார் சொன்னது என்று கேட்டாய். ஒருவரும் சொல்லவில்லை. நான் கண்டேன்.

வாகனம் வந்தது உண்மை. அப்பா அதில் ஏறவில்லை. பிடித்த ஆட்களைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நான் பின்னால் போய்ப் பனைவடலிக்குள் ஒளிந்து நின்றேன். அப்பாவையும் வேறு மூன்று பேரையும் ஒரு தோணியில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். வெடிச்சத்தம் கேட்டது. தோணி திரும்பி வந்தபோது அதில் துவக்கு வைத்திருந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

எனக்குப் பதினாலு வயது. வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா உன்னை மடியில் வைத்துக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா.

"அப்பா எங்கையடா?"

"வாகனத்திலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள், அம்மா. விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்களாம்."

அன்றைக்கு மட்டும் அப்படிச் சொல்லுவோம், விடிந்ததும் உண்மையைச் சொல்லுவோம் என்றுதான் நினைத்தேன். விடிந்தபோது அம்மா அப்பாவின் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டுக்கொண்டு நின்றா, வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று. அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய்யைத்தான் அம்மா எல்லா அலுவலகத்திலும் சொன்னா. கடைசி நாள் வரைக்கும் பொட்டோடு இருந்தா. நான் வருடத்தில் ஒரு நாள் களவாகக் கடற்கரைக்குப் போய் வந்தேன்.

நீ உன் பிழையை நாலு நாளில் சொன்னாய். வேலையும் போகும் என்று தெரிந்துதான் சொன்னாய். உன்னைத் தலையாட்டியோடு சேர்த்து எழுதினேனே, அந்தக் கடிதத்தை எரித்துவிடு. அம்மாவிடம் சொல்ல எனக்கு இருபத்தொன்பது வருடம் இருந்தது, நான் சொல்லவில்லை. இப்போது உன்னிடமாவது சொல்லவேண்டும்.

அப்பா எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார். இனித் தேடாதே, பிள்ளை.

அண்ணை